செவ்வாய் மாலை, தேவாலயத்தின் கீழ்த்தளம்

கடித எண்: 1
2015 பிப்ரவரி 2, திங்கட்கிழமை, காலை 9.15

அன்புள்ள செல்வி யெசேனியா அகிலார் அவர்களுக்கு,

நம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கவியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ‘ஆசிரியர், மாணவர் சாதனைகள்’ செய்திமடலைத் தொகுக்கும் பணி, நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் பொறுப்பில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரிக்கு அலுவலகத்தார் அனுப்பிய மூன்று வேண்டுகோள்களும் திரும்பி வந்துவிட்டன. ஆகவே, தங்கள் அத்தையின் ஆஸ்ட்பி முகவரிக்கு எழுதுகிறேன்.

தங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குத் தேசிய அளவிலான முதற்பரிசு கிடைத்திருப்பதாகத் துறை இயக்குநர் லொரெய்ன் பெக் கூறினார். துறை தொடங்கி நாற்பத்தொரு ஆண்டுகளில் எந்த மாணவரும் பெறாத பரிசு இது. மே மாதத்தில் துறையை மதிப்பிட வரும் குழுவின் முன் நாம் வைக்கக்கூடிய மிகச் சிறந்த செய்தியும் இதுவே. பரிசு அறிவிக்கப்பட்ட நாள், வழங்கப்படும் நாள், இடம், இயலின் முழுத் தலைப்பு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி அனுப்ப வேண்டுகிறேன். பிறர் அனுப்பும் விவரங்கள் எந்த நிலையில் வருகின்றன என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையோர விடுதிகளின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் ஒருவர், பெர்கனில் ஆற்றிய உரையை ஆஸ்லோவில் ஆற்றியதாக எழுதியிருக்கிறார். மாநிலக் கண்காட்சியின் வெண்ணெய்ச் சிற்பங்களை ஆராயும் மாணவர், ‘விரைவில் வெளிவரும்’ கட்டுரை ஒன்றை மூன்றாவது ஆண்டாக அனுப்பியிருக்கிறார். வெளிவராதது சாதனை ஆகாது என்று மூன்றாவது முறையாக அவருக்கு எழுதியிருக்கிறேன்.

தங்களைப் பற்றிய சென்ற ஆண்டுக் குறிப்பு நல்ல வரவேற்பைப் பெற்றது என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்யலாம். நம் பழைய மாணவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதற்கென்றே கடந்த அக்டோபரில் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். செய்திமடலைப் படித்துவிட்டு ஒருவர் நேரில் வந்தது அதுவே முதல் முறை.

பிப்ரவரி 20க்குள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆர்வில் லுண்டீன்
ஓய்வு பெற்ற பேராசிரியர்


ஆஸ்ட்பி, செவ்வாய்

பேராசிரியர் லுண்டீன்,

என் பெயரைப் போடாதீர்கள். பரிசு வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். ஆய்வேட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்டு இன்னொரு எண்ணிட்ட கடிதம் எழுதுவீர்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பரிசு பெற்ற இயலில் ‘லூஸ்’ என்ற மாற்றுப் பெயரில் ஒரு பெண் வருகிறாள் அல்லவா? அவள் என் அத்தை டெல்ஃபினா. ஒன்பது வயதிலிருந்து என்னை வளர்த்தவள். இங்குள்ள கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பதினொரு வருடம் நின்றவள். ஒவ்வொரு செவ்வாயும் சில பெண்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி என்னிடம் பேசினார்கள். கோழிகளைக் கொண்டுவரும் பெல்ட் ஓடும் வேகம், கழிப்பறைக்குப் போகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது, இரவில் மடங்காத விரல்கள். முதலில் என்னிடம் பேசினார்கள். பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து மேலாளரிடம் போய்க் கேட்பது என்று முடிவுசெய்தார்கள். நான் அவர்கள் பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றினேன். ஊர்ப் பெயரைக்கூட எழுதவில்லை.

நீங்கள் எழுதினீர்கள். சென்ற செப்டம்பர் செய்திமடலில், நாலாம் பக்கத்தில்.

அக்டோபர் 14, செவ்வாய். தேவாலயத்துக்கு எதிரே ஆலை மேற்பார்வையாளரின் வண்டி எஞ்சினை அணைக்காமல் கூட்டம் முடியும்வரை நின்றது. அக்டோபர் 17, வெள்ளி. அத்தையையும் அவள் தோழி ஹெர்மெலிண்டாவையும் வேலை முடிந்ததும் கூப்பிட்டு வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலைக்குத் தாமதமாக வந்தார்களாம். பனிப்புயலில் எல்லாரும் வீட்டில் கிடந்த நாளில் முழங்கால் அளவு பனியில் நடந்து போனவள் என் அத்தை.

இப்போது கடைக்குப் போனால் மற்றப் பெண்கள் வண்டியை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள்: “எங்க வாயைக் கிளறி எழுதிப் பரிசு வாங்கிட்டியாமே. கேக் எப்ப வெட்டுற?”

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை. அக்டோபரில் உங்களைப் பார்க்க வந்தவர் யார்? எந்த நாள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

யெசேனியா


கடித எண்: 2
2015 பிப்ரவரி 16, திங்கட்கிழமை, காலை 11.40

செல்வி அகிலார் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைக் கொண்டு பிப்ரவரி 10 என்று கொண்டிருக்கிறேன்.

தங்கள் அத்தைக்கு நேர்ந்தது குறித்து வருந்துகிறேன். ஆயினும் சென்ற ஆண்டுக் குறிப்பை இங்கே அப்படியே தருவது என் கடமை: ‘யெசேனியா அகிலார், முனைவர் பட்ட மாணவி, ஆஸ்ட்பி நகரக் கோழி ஆலையின் பெண் தொழிலாளர்களுடன், செவ்வாய்க்கிழமைகளில் மாலை 7 மணிக்கு, தேவாலயக் கீழ்த்தளம் ஒன்றில் நேர்காணல்கள் நடத்தி வருகிறார்.’ இதில் தவறான சொல் ஒன்றும் இல்லை. தொழிலாளர் எவருடைய பெயரும் இல்லை. களப்பணிக்கு இடமும் காலமும் தரப்பட வேண்டும் என்பது இம்மடலின் தொடக்கம் முதல் உள்ள விதி. இடத்தையும் காலத்தையும் எனக்குத் தந்தவர் தாங்களே. சென்ற ஆண்டு மே 10 அன்று நடந்த துறைச் சிற்றுலாவில், உருளைக்கிழங்கு சாலட் வைத்திருந்த மேசையருகில் தந்தீர்கள். எந்தத் தேவாலயம் என்றும் கூறினீர்கள். அதை நான் அச்சிடவில்லை.

வந்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாள் எனக்குத் தெரியும். பெயரும் தெரியும். ஆனால் ஒருவர் நல்லெண்ணத்துடன் வந்து பேசிச் சென்றதை, அவருடைய அனுமதியின்றி மூன்றாமவருக்கு எழுதுவது முறையாகுமா என்று தெளிவாகவில்லை. சற்று அவகாசம் தேவை.

இக்கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். இடையில் எழுந்து சென்று வீட்டு வாசலின் பனியை வாரினேன். பிறகு பக்கத்து வீட்டு வாசலையும் வாரினேன். அவர்கள் ஏற்கெனவே ஆள் வைத்து வாரியிருந்தார்கள்.

ஆர்வில் லுண்டீன்


ஆஸ்ட்பி, பிப்ரவரி 24 (தேதி போட்டிருக்கிறேன்)

பேராசிரியர் லுண்டீன்,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு சாலட் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“அந்தக் காலண்டர் கிழவர் என்ன கேக்குறாரு? வந்தவன்கிட்ட அனுமதியா?”

“ஆமா அத்தை.”

“என்கிட்ட யாரு கேட்டா?”

என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறாள். சாலட் மேசையருகில் உங்களிடம் வாயைத் திறந்தது நான்தான். முதல் முறையாக ஒரு பேராசிரியர் என் வேலையைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். பெருமையாக இருந்தது. அச்சில் வரும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதை நீங்கள் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

நிலைமையைச் சொல்கிறேன். அத்தையும் ஹெர்மெலிண்டாவும் நவம்பரில் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தார்கள். ஏப்ரல் 14 விசாரணை. வேலை நிலைமையைப் பற்றிக் கூடிப் பேசியதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பக்கூடாது, அது சட்டம். ஆனால் ஆலை சொல்வது ஒரே வார்த்தை: ‘கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது.’ தெரியாது என்றால் பழிவாங்கினார்கள் என்று எப்படிச் சொல்வது? வண்டி நின்றதைக் கேட்டால், தெருவில் யார் வேண்டுமானாலும் வண்டி நிறுத்தலாம் என்கிறார்கள். வாரியத்தின் வழக்கறிஞர் கையை விரிக்கிறார். “ஆலைக்கு முன்னாடியே தெரியும்னு சொல்ல ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள். இல்லைன்னா இது நிக்காது” என்கிறார்.

இந்த ஊரில் ஐந்து தேவாலயங்கள். உங்கள் குறிப்பில் எது என்று இல்லை. பெண்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள். யாராக இருந்தாலும் கத்தோலிக்க தேவாலயத்துக்கு எதிரேதான் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். வண்டி நேராக, நாங்கள் கூடும் வேறு சபையான லூத்தரன் தேவாலயத்துக்கு வந்தது. அங்கே கூடியது பதினொரு பெண்கள். ஒன்பது பேர் இன்னும் அந்த வரிசையில் நிற்கிறார்கள், தங்கள் பெயரும் வெளியே வந்துவிடுமோ என்று கோழியை அறுத்துக்கொண்டே யோசிக்கிறார்கள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களைத் தவிர வெளியாள் யாரிடமும் நான் சொல்லவில்லை.

யெசேனியா


கடித எண்: 3
2015 மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 8.05

செல்வி யெசேனியா அவர்களுக்கு,

வந்தவர் கர்டிஸ் ஹேகன். 1994இல் நம் துறையில் முதுகலை முடித்தவர். ஆலையில் பணியாளர் பிரிவின் தலைவராக இருக்கிறார். வந்த நாள் 2014 அக்டோபர் 9, வியாழக்கிழமை, பிற்பகல் 3.40. தாங்கள் குறிப்பிட்ட வண்டி நின்றதற்கு முந்தைய வாரம். ஒன்பது, பதினான்கு, பதினேழு என்ற இம்மூன்று தேதிகளையும் பிப்ரவரி 12 அன்று தங்கள் முதற்கடிதத்தைப் பிரித்தபோதே அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். அதன் பிறகும் அனுமதி, முறை என்றெல்லாம் எழுதினேன்.

நடந்ததை உரையாடலாகவே எழுதுகிறேன். அப்போது நான் என் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அவர் கதவருகில் நின்றபடியே பேசினார்.

“சார், இந்த மடலை நீங்க மட்டும்தான் ஒழுங்கா எழுதுறீங்க. எங்க ஊரைப் பத்தி வந்திருக்கே, பொண்டாட்டிகிட்ட காட்டிப் பெருமைப்பட்டேன்.”

“நன்றி, கர்டிஸ். உட்காருப்பா.”

“கத்தோலிக்க தேவாலயத்துல இவ்வளவு நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாம போச்சு பாருங்க.”

“கத்தோலிக்க தேவாலயம் இல்லை. அங்கே ஏப்ரல்லயே கீழ்த்தளத்துல தண்ணி புகுந்துடுச்சு. லூத்தரன் தேவாலயம்.”

“ஓ. அப்படியா?”

அவ்வளவுதான். நான்கு பிரதிகள் கேட்டார். கொடுத்தேன். அவற்றை நல்ல உறையில் இட்டுக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அவர் தவறாகச் சொன்னதைத் திருத்தினேன். என் வாழ்நாள் முழுவதும் நான் செய்து வந்ததும் அதுதான். ஒரு தவறான தேதியை என் முன் வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்பதை, என்னிடம் இரண்டு ஆண்டுகள் படித்தவன் அறியாமலா இருப்பான்?

சென்ற வெள்ளிக்கிழமை இவ்வளவையும் லொரெய்னிடம் கூறினேன். அவர் கதவைச் சாத்தினார்.

“ஆர்வில், உங்களை யாராவது கூப்பிட்டாங்களா? சம்மன் வந்துச்சா?”

“இல்லை.”

“அப்ப ஏன் நீங்களா போய் நிக்கணும்? நம்ம ரெண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை அந்த ஆலைதான் குடுக்குது. மே மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. அந்தப் பணம் நின்னா அந்த ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிப்பாங்க. அதையும் சாதனைல போடுவீங்களா?”

“அந்த இரண்டு பெண்களும் ஏற்கெனவே நிற்கிறார்கள், லொரெய்ன்.”

“எனக்குத் தெரியாதா? என்னை ராட்சசியாப் பாக்காதீங்க. மே முடியட்டும்னுதான் சொல்றேன்.”

விசாரணை ஏப்ரலில். மே மாதத்துக்குப் பின் என் சொல்லால் பயன் இல்லை. இதை அவரும் அறிவார். என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒரு பொது மன்றத்தில் எழுந்து, பாராட்டு ஒன்றுக்கு மயங்கி வாயைத் திறந்தேன் என்று கூறுவது எளிதன்று. முதலில் தங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

ஆர்வில் லுண்டீன்


ஆஸ்ட்பி, மார்ச் 14

பேராசிரியர் லுண்டீன்,

எழுதிப் பார்த்துவிட்டீர்கள். எனக்குச் சொன்னால் போதாது.

லொரெய்ன் கெட்டவர் இல்லை. அந்த உதவித்தொகையில் நான்கு வருடம் படித்தவள் நான். அத்தை கோழி அறுத்தாள், அந்தக் கோழிப் பணத்தில் நான் அவளைப் பற்றி எழுதினேன். ஆகையால் அந்த இரண்டு மாணவர்களைக் காட்டி என்னைப் பயமுறுத்த முடியாது. அவர்களுக்கு வேறு வழி பார்க்க லொரெய்னுக்குக் கோடைகாலம் முழுதும் இருக்கிறது. அத்தைக்கு ஏப்ரல் 14 மட்டும்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு மணி நேரம் உங்களைத் திட்டினேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “திட்டினது போதும் மகளே. வர்றாரா இல்லையான்னு மட்டும் கேளு. வந்தா, நல்லவர் மாதிரி பேச வேணாம்னு சொல்லு. நடந்ததைப் பேசச் சொல்லு.”

எனக்கும் அதுதான் வேண்டும். மன்னிப்புக் கேட்க வராதீர்கள். நாளும் நேரமும் அவன் சொன்னதும் நீங்கள் சொன்னதும், ‘நல்ல உறையில் இட்டுக் கொடுத்தேன்’ என்பது உட்பட, அப்படியே சொல்லுங்கள். வழக்கறிஞர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். எடுப்பீர்களா, மாட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே காத்திருக்கப் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

யெசேனியா


கடித எண்: 4
2015 ஏப்ரல் 15, புதன்கிழமை, மாலை 4.20

அன்புள்ள யெசேனியா,

நேற்று விசாரணை மன்றத்தின் இரண்டாம் வரிசையில் தாங்கள் அமர்ந்திருந்ததைக் கண்டேன். பேசாமல் சென்றீர்கள். அது சரியே. தாங்கள் சென்ற பின் நடந்ததையும் சேர்த்து எழுதிவைப்பது நலம் என்று கருதுகிறேன்.

ஆலையின் வழக்கறிஞர் என்னை நடத்திய விதம் தங்களுக்கு நினைவிருக்கும். “ஐயா, உங்களுக்கு வயசு எழுபத்தெட்டு. ஆறு மாசத்துக்கு முந்தின ஒரு பேச்சு வரிக்கு வரி ஞாபகம் இருக்குன்னு எங்களை நம்பச் சொல்றீங்களா?” என்றார். மார்ச் 22 அன்று எழுபத்தொன்பது நிறைந்துவிட்டது என்று திருத்தினேன். மன்றத்தில் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார். பிறகு அந்த வழக்கறிஞர், ஹேகன் வந்தது அக்டோபர் இறுதியில், பெண்கள் நீக்கப்பட்டதற்குப் பின்தானே என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் ஒன்பதாம் தேதி, வியாழன் என்றேன். அன்று காலை என் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் பிற்பகல் மூன்றரைக்குத்தான் பேருந்தில் அலுவலகம் சேர்ந்தேன், அதனால்தான் அவர் வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன் என்றும் கூறினேன். இதுநாள்வரை இம்மாதிரி விவரங்களால் பிறரைச் சலிப்படையச் செய்திருக்கிறேன். நேற்று அவர் சலிப்படையவில்லை. அவர் முகம் மாறியதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள்.

நல்லவனைப் போல் பேசினேனா என்று தெரியவில்லை. பேசக்கூடாதென்று முயன்றேன்.

வெளியே நடைக்கூடத்தில், என் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹேகன் வந்தார். கோபமாக இல்லை. பழைய மாணவனாகவே பேசினார்.

“சார், உங்களை நான் தப்பா நினைக்கல. ஆனா ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கூத்தா? அந்தக் கீழ்த்தளத்துல மொத்தமே ஆறு பேர்தானே உக்காந்திருந்தாங்க.”

எண் தவறு.

சரியான எண் என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒருவர் தவறான எண்ணைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் வாய் திறவாமல் நின்றது என் நினைவில் இதற்கு முன் இல்லை. அவர் மேலும் சற்று நேரம் காத்திருந்தார். “என் தொப்பியைப் பார்த்தாயா, கர்டிஸ்?” என்று கேட்டேன். அது என் கையிலேயே இருந்தது. அவர் போய்விட்டார். இங்கும் அந்த எண்ணை எழுதாமல் விடுகிறேன். கடிதங்கள் எங்கே போய்ச் சேரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அதன் பின் தங்கள் அத்தை வந்தார். அவரை நான் நேருக்கு நேர் சந்தித்தது அப்போதுதான். என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். சோள மாவில் பன்றி இறைச்சி வைத்து இலையில் கட்டி அவித்த தமாலே, ஆறு. “மூணு மணி நேரம் வண்டி ஓட்டணும்ல? சாப்பிடுங்க. உங்களை இன்னும் எனக்குப் பிடிக்கல” என்றார். நான் நன்றி கூறினேன். “நன்றியெல்லாம் வேணாம். டப்பா என்னோடது, திரும்ப வரணும்” என்றார்.

தீர்ப்புக்குப் பல வாரங்கள் ஆகலாம் என்று வாரியத்தின் வழக்கறிஞர் கூறினார். சரியாக எத்தனை என்று கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை. இருப்பினும் ஆலை சமரசம் பேச வந்திருப்பதாக இன்று பிற்பகல் தொலைபேசியில் தெரிவித்தார். முதற்கேள்வியாக, வேலை திரும்பக் கிடைக்குமா என்றே கேட்டிருக்கிறார் தங்கள் அத்தை. பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றாராம்.

லொரெய்ன் இன்று காலை என்னிடமிருந்து செய்திமடல் பொறுப்பை வாங்கிக்கொண்டார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. “ஓய்வெடுங்க ஆர்வில்” என்றார். இனி களப்பணிக் குறிப்புகளில் இடமும் காலமும் வேண்டாம் என்ற ஒரே வேண்டுகோளை அவரிடம் வைத்தேன். குறித்துக்கொண்டார். மேசையைக் காலி செய்து வந்தேன். வீட்டில் எந்த நாற்காலியிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. ஆகவே சமையலறையில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

ஆய்வேட்டை முடிப்பதும் விடுவதும் தங்கள் விருப்பம். அது குறித்து நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

தங்கள்,
ஆர்வில் லுண்டீன்

இத்துடன் அனுப்பப்படுபவை:

1. நேற்று நான் உறுதிமொழியுடன் கூறிய சாட்சியத்தின் சுருக்கம், என் கையொப்பத்துடன். தங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டுவதற்கு.

2. இவ்வாண்டுச் செய்திமடலின் நாலாம் பக்கம், அச்சுப்படி. நான் பார்த்த கடைசிப் பக்கம். தாங்கள் கேட்டபடி தங்கள் பெயர் இல்லை.

3. டப்பா ஒன்று, கழுவியது. காலியாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கம் அன்று என்பதால், நான் சுட்ட எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் உள்ளே உள்ளன. ஓரங்கள் சற்றுக் கருகிவிட்டன.

4. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை. அதனுள் ஒரு வெற்று அட்டை. தங்கள் அத்தை வேலைக்குத் திரும்பும் நாளை அதில் எழுதி அனுப்பவும். அச்சிடுவதற்கு அன்று.